ஊராட்சி மன்றமும் நம் வீட்டுப் பெண்களும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர் கல்வியின் பெருமையைப் பேச வேண்டும், காலம் பொன்னானது என்று சொல்ல வேண்டும், பெற்றோருக்கு இரண்டு வார்த்தை புத்திமதி சொல்லி உட்கார வேண்டும். அதுதான் வழக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள் அதை நன்றாகவே செய்துவிட்டார்கள். ஆகையால் நான் தெருவிளக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். தெருவிளக்கு, சாக்கடை, பஸ் நிற்கும் கொட்டகை, சந்தைக் கழிவறை, வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஓர் இடம், இவையெல்லாம் யார் கையில் இருக்கின்றன? அந்தக் கைகளில் பெண்களின் கை எத்தனை? அதைப் பற்றிச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விட்டிருக்கிறது? இவ்வளவுதான் என் பேச்சு.

சில மாதங்களுக்கு முன்னால் என்னிடம் முன்பு படித்த பெண் ஒருத்தியின் தாயைக் கடைத்தெருவில் பார்த்தேன். மகள் ஹைடெக்கில் வேலை செய்கிறாள். கம்பெனி பஸ் அவளைச் சிம்பாங்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீட்டுக்கு அரை மைல். பகல் சிப்டு என்றால் இருட்டில் இறங்குகிறாள், இராச் சிப்டு என்றால் இருட்டில் போய் ஏறுகிறாள். "நான் டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டுப் போய் நிப்பேன் டீச்சர். எனக்கும் வயசாகுது. முட்டி வலிக்குது. அந்த எடத்துல ஒரு வெளக்குப் போட யாருகிட்ட சொல்றது?" என்று கேட்டார்.

முப்பது வருஷம் வகுப்பில் நின்று கேள்வி கேட்டவள் நான். அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்று தொடங்கியதுதான் இந்த விசாரிப்பு.

விசாரித்ததில் முதலில் தெரிந்தது இது. நம் வட்டாரத்தில் ஒரு விளக்குக் கம்பத்துக்கு நான்கு கதவு இருக்கிறது. கூலிம் ஹைடெக் பூங்கா 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பத் தொழிற்பூங்கா அது. பால்மரமும் செம்பனையும் நின்ற வட்டாரத்தில் இன்டெல் வந்தது, பிறகு இன்ஃபினியோன் வந்தது. உளியும் மங்கும் பிடித்த கைகளின் பேத்திகள் இன்று கண்ணுக்குப் புலப்படாத சிப்புகளைச் சோதித்து அனுப்புகிறார்கள். அந்தப் பூங்காவுக்கென்றே தனி ஊராட்சி அமைப்பு ஒன்று இருக்கிறது. பூங்காவின் எல்லையைத் தாண்டினால் கூலிம் நகராண்மைக் கழகத்தின் எல்லை. இடையில் போகிற பெரிய சாலை பொதுப்பணி இலாகாவுடையதாக இருக்கலாம். தோட்டத்துக்குள் போய்விட்டாலோ அது தனியார் நிலம், நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும். வேலை செய்கிற இடம் ஓர் எல்லை, குடியிருக்கிற இடம் இன்னோர் எல்லை. நடுவில் உள்ள இருட்டில் நம் பெண் நடந்து வருகிறாள்.

அந்தத் தாய் எந்தக் கதவைத் தட்டினார், அங்கே என்ன பதில் கிடைத்தது என்பதைப் பெயர் சொல்லி இங்கே பேச நான் வரவில்லை. "கடிதம் எழுதிப் போடுங்கம்மா" என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்கு மேல் வேண்டாம்.

தோட்டத்தில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே துரைதான் எல்லாம். விளக்கும் அவர், தண்ணீரும் அவர், கோயில் திருவிழாவுக்கு அனுமதியும் அவர். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1920களின் கடைசியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயம் செய்தார்கள். பெரட்டுக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் நின்றார்கள். மலை ஏறி இறங்குவதும் ஒன்றுதான். அந்தப் பத்துக் காசு வித்தியாசம் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் காகிதத்தில் எழுதினார்கள், அது நடந்தது. ஆனால் அதே தோட்டத்தில் ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்ததே, அதுவும் காகிதத்தில் எழுதப்பட்டதனால்தான் இருந்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டத்திலும் தோட்ட முதலாளியைப் பிள்ளைக் காப்பகம் அமைக்கச் சொல்ல இடமிருக்கிறது.

பிறகு நாம் தோட்டத்தை விட்டு வெளியே வந்தோம். சிலர் விரும்பி வந்தார்கள். பலரை நிலம் விற்கப்பட்டு வெளியே வர வைத்தார்கள். மலிவு விலை வீட்டில் குடியேறினோம். வீட்டுக்குள் குழாய் வந்தது, கழிவறை வந்தது, நல்லதுதான். ஆயாக் கொட்டகை மட்டும் கூட வரவில்லை. தாமானில் பிள்ளைக் காப்பகம் வேண்டுமென்றால் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும், கட்டடத்துக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். தாமானைக் கட்டும்போது அதற்கு ஒரு மனை ஒதுக்குவதா வேண்டாமா என்பதும் அதே மன்றத்தின் மேசைக்கு வருகிற வரைபடத்தில்தான் இருக்கிறது. ஆக, முன்பு துரை மேசையில் இருந்தது இன்று ஊராட்சி மேசையில் இருக்கிறது. துரையை நமக்கு முகம் தெரியும். மன்ற உறுப்பினர் யாரென்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொல்லவில்லை, மனத்துக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரியாததற்குக் காரணம் உண்டு. அவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தல் இல்லாமலே இருந்ததென்று இளையவர்கள் நினைக்கக் கூடாது. 1951இல் ஜோர்ஜ் டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1952இல் கோலாலம்பூரில் நடந்தது. அந்தக் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தல்களில், 1950களிலேயே, பங்சார் வட்டாரத்தில் நின்று ஜெயித்தவர் தேவகி கிருஷ்ணன் என்ற நம் தமிழ்ப் பெண்மணி. மலாயாவில் தேர்தலில் நின்று பொதுப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். பெண் தேர்தலில் நிற்பதா என்று ஆண்கள் திகைத்து நின்ற காலத்தில் நம்மவர் ஒருவர் நின்று காட்டினார். நம் பாடப் புத்தகத்தில் இந்தப் பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1965இல் இந்தோனேசியாவுடன் தகராறு நடந்த சமயத்தில் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார்கள். அவரும் நம்மவர்தான். அவருடைய துணைவியார் ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் அதிகாரியாக இருந்து, பிற்காலத்தில் தாமும் மேலவைக்குப் போனவர். ஊர் ஊராகச் சென்று விசாரித்த அந்தக் குழு, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், சட்ட எண் 171, தேர்தலை முற்றாக முடித்து வைத்தது.

அந்தச் சட்டத்தின் பத்தாவது பிரிவை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு மன்றத்துக்கு ஒரு தலைவர், 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்கள். மாநில அரசு நியமிக்கும். தவணை மூன்றாண்டுக்கு மேற்படாது. எப்படிப்பட்டவரை நியமிப்பது? ஊராட்சி விவகாரத்தில் அனுபவம் உள்ளவர், அல்லது தொழிலிலோ வணிகத்திலோ சிறப்புப் பெற்றவர், அல்லது தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கக் கூடியவர். கூடுமானவரை பெரும்பாலோர் அந்த எல்லைக்குள் குடியிருப்பவராக இருக்க வேண்டும். இவ்வளவுதான். பெண் கூடாது என்று எங்கேயும் இல்லை. பெண் வேண்டும் என்றும் எங்கேயும் இல்லை.

"கூடாது என்று இல்லையே, பிறகென்ன?" என்று கேட்பீர்கள். வீட்டில் பந்தி போடுகிறோம். பெண்கள் உட்காரக் கூடாதென்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. ஆனால் முதல் பந்தியில் யார் உட்காருகிறார்கள், கடைசியில் ரசமும் அடிச்சோறும் யாருக்கு மிஞ்சுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதாமல் விட்ட இடத்தில் பழக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். நியமனப் பட்டியலைக் கட்சிக்காரர்கள் தயாரிக்கிறார்கள். தொகுதிக் கூட்டத்துக்கு வருகிறவர், கொடி கட்டுகிறவர், காப்பிக் கடையில் இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து பேச முடிகிறவர், இவர்களின் பெயர்தான் பட்டியலில் முதலில் ஏறும். இராச் சிப்டுக்குப் போகிற பெண் காப்பிக் கடையில் எப்படி உட்காருவாள்?

இத்தனைக்கும் நாட்டின் தலையாய சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐக்கிய நாட்டு ஒப்பந்தத்தில் மலேசியா 1995இல் சேர்ந்தது. 2001இல் அரசியலமைப்பின் எட்டாவது விதியைத் திருத்தி, பால் வேறுபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று சேர்த்தார்கள். சட்டத்திலும் கூடாது, பொது அதிகாரத்தின் கீழ் உள்ள பதவி நியமனத்திலும் கூடாது என்று அந்த விதி சொல்கிறது. மேல்மாடியில் விளக்கு எரிகிறது. கீழே படிக்கட்டுக்குத்தான் வெளிச்சம் வரவில்லை.

கீழே வரைக்கும் சட்டம் எழுதிய ஊர்கள் உண்டா? உண்டு. தூரம் போக வேண்டாம், நம் தாத்தா பாட்டி கப்பல் ஏறிய தமிழ்நாட்டையே பார்ப்போம்.

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. அதற்கு முதல் பெண் மேயராகத் தாரா செரியன் வந்தது 1957இல். நடுவில் 269 ஆண்டு! அவருக்குப் பின்னும் அது விதிவிலக்காகவே இருந்தது. பிறகு இந்திய அரசியலமைப்பின் 73ஆவது, 74ஆவது திருத்தங்கள் 1993இல் நடப்புக்கு வந்தன. ஊராட்சியிலும் நகராட்சியிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு; உறுப்பினர் பதவி மட்டுமல்ல, தலைவர் பதவியிலும் அதே பங்கு. தமிழ்நாட்டில் அந்த முறைப்படி 1996இல் தேர்தல் நடந்தது. 2016இல் மாநிலச் சட்டமன்றம் அதைப் பாதியாக உயர்த்தியது. 2022இல் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தபோது 21 மாநகராட்சிகளில் 11இல் மேயர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. சென்னைக்கு மேயராக வந்தவர் பிரியா, வயது 28, அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித் பெண். அதற்கு முந்திய ஆண்டு, 2021 அக்டோபரில், திருநெல்வேலி மாவட்டம் சிவந்திப்பட்டியில் 90 வயதுப் பெருமாத்தாள் பாட்டி ஊராட்சித் தலைவரானார். அதே தேர்தலில் தென்காசிப் பக்கம் வெங்கடாம்பட்டியில் 21 வயது சாருகலா தலைவரானார், படித்துக்கொண்டிருந்த பெண். பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே சட்டம் கதவைத் திறந்தது.

இதைச் சொல்லும்போது ஒரு பெயரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. மதுரை வில்லாபுரம் லீலாவதி. தறி நெய்யும் குடும்பத்துப் பெண். 1996 தேர்தலில் மதுரை மாநகராட்சிக்கு உறுப்பினராகப் போனார். அந்தப் பகுதியில் குடிநீர்க் குழாய் இல்லை. தண்ணீரை லாரியில் கொண்டுவந்து விற்பவர்கள் வைத்ததுதான் விலை. குடத்துக்குக் காசு கொடுத்துக் காத்து நிற்பது பெண்கள். லீலாவதிக்கு அது பட்டறிவு, யாரும் அறிக்கை எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. குழாய் கொண்டுவரப் போராடினார், கொண்டும் வந்தார். 1997 ஏப்ரல் 23ஆம் தேதி, பட்டப்பகலில், கடைத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். பதவிக்கு வந்து ஓராண்டுகூட முடியவில்லை.

பிள்ளைகள் இருக்கும் சபையில் இதை ஏன் சொல்கிறேன்? ஊராட்சி உறுப்பினர் பதவி என்றால் மாலை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்வது என்றுதான் நாம் நினைக்கிறோம். குழாய் எந்தத் தெருவில் போகிறது என்பதில் எவ்வளவு பணம், எவ்வளவு பகை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் அந்த இடத்தில் யார் உட்கார்ந்தால் என்ன என்று அலட்சியமாகச் சொல்ல மாட்டோம்.

இங்கே ஆண்கள் வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். "டீச்சர், பெண்ணைத் தலைவராக்கினால் பின்னால் நின்று புருஷன்தானே ஆளுவான்?" நியாயமான கேள்வி. அப்படி நடந்திருக்கிறது, இன்னும் பல ஊரில் நடக்கிறது. கூட்டத்தில் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் கணவன் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்த கதை தமிழ்நாட்டில் ஏராளம். ஆனால் இதை வாயால் பேசி முடிவு கட்டாமல், போய் அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். எஸ்தர் டுஃப்லோ என்ற அம்மையார், பின்னாளில் 2019இல் நோபல் பரிசு பெற்றவர், ராகவேந்திர சட்டோபாத்தியாய என்பவரோடு சேர்ந்து மேற்கு வங்காளத்திலும் இராஜஸ்தானிலும் ஊராட்சிகளை ஆராய்ந்தார். 2004இல் வெளிவந்தது. எந்த ஊருக்குப் பெண் தலைவர் என்பது சுழற்சியில் ஒதுக்கப்படுவதால், பெண் தலைவர் உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. இரண்டு மாநிலத்திலும் பெண் தலைவர் உள்ள ஊரில் குடிநீருக்கு அதிகமாகச் செலவு செய்திருந்தார்கள். புருஷன் பின்னால் நின்றிருந்தாலும் நிற்காவிட்டாலும், குழாய் வந்திருந்தது.

இன்னொன்று, அதைக் கேட்டுவிட்டு நான் ஓர் இரவு சரியாகத் தூங்கவில்லை. மேற்கு வங்காளத்தில் பீர்பூம் என்று ஒரு மாவட்டம். அங்கே 495 ஊர்களில், 11 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் கேட்டுப் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. உன் மகன் என்ன ஆக வேண்டும், உன் மகள் என்ன ஆக வேண்டும் என்று கேட்டார்கள். பெண் தலைவரே இல்லாத ஊர்களில் பெற்றோர் மகனுக்கு ஓர் ஆசையும் மகளுக்கு அதைவிடச் சின்ன ஆசையும் வைத்திருந்தார்கள். இரண்டு தவணை பெண் தலைவரைப் பார்த்த ஊர்களில் பெற்றோரிடம் அந்த வித்தியாசம் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பிள்ளைகளிடம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தே போயிருந்தது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவிடும் நேரமும் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அந்தத் தலைவிகள் பள்ளிக்கூடத்துக்கென்று தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஊரில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள், பெற்றோரும் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

நாங்கள் ஆசிரியர்கள் பெற்றோரைக் கூட்டி வைத்துத் தொண்டை வற்றப் பேசினோமே, "அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு" என்று சொல்லாதீர்கள் என்று! ஒரு நாற்காலி செய்த வேலையை நாங்கள் முப்பது வருஷம் பேசிச் செய்யப் பார்த்திருக்கிறோம்.

தோட்டத்து ஜனங்களுக்கு இலங்கையின் கதை இன்னும் நெருக்கமானது. அங்கே மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு ஓட்டுப் போடுவார்கள், உறுப்பினரையும் அனுப்புவார்கள். ஆனால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு குறுக்கே நின்றது. தோட்ட நிலத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க வழியில்லை. ஓட்டு வாங்கிக்கொண்டு போனவரே, தோட்டத்துச் சாலைக்குக் கல் போட முடியாமல் கைவிரித்தார். 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். பெண்கள் விஷயத்திலும் அப்படியே. அந்த நாட்டு உள்ளூராட்சியில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2016இல் சட்டம் திருத்தி நூற்றுக்கு 25 இடம் என்று எழுதினார்கள். 2018 பிப்ரவரித் தேர்தல் முடிந்து எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு இருபதைத் தாண்டியிருந்தது. ஒரே தேர்தலில்! மக்களின் மனம் இரண்டு ஆண்டில் அப்படி மாறிவிடவில்லை. மாறியது சட்டத்தின் வாசகம். வெள்ளைக்கார நாடான பிரான்சிலும் 2000ஆம் ஆண்டில் வேட்பாளர் பட்டியலில் ஆணும் பெண்ணும் சரிபாதி என்று சட்டம் போட்ட பிறகுதான் நகர மன்றங்கள் மாறின. இது ஏதோ ஏழை நாட்டு வியாதி என்று நினைக்க வேண்டாம்.

இனி நம் பக்கத்து வீட்டுக்கு வருவோம். கூலிமிலிருந்து புறப்பட்டால் அரை மணிநேரத்துக்குள் செபராங் பிறை வந்துவிடும். அங்கே 2011இல் நகராண்மைக் கழகத்துக்கு முதல் பெண் தலைவராக மைமுனா முகமது ஷரிஃப் வந்தார். பின்பு அவர் பினாங்குத் தீவின் மேயரானார், ஐக்கிய நாட்டு மனிதக் குடியிருப்பு அமைப்பின் தலைமைக்குப் போனார், 2024இல் கோலாலம்பூர் மாநகரின் முதல் பெண் டத்தோ பண்டாராகவும் நியமிக்கப்பட்டார். ஆனால் நான் சொல்ல வந்தது அவர் உயர்ந்த உயரத்தை அல்ல. 2012 முதல் தீவிலும் செபராங் பிறையிலும் இரண்டு நகராண்மைக் கழகங்களும் பினாங்குப் பெண்கள் மேம்பாட்டுக் கழகத்தோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தன. மக்கள் குடியிருப்பு அடுக்குமாடிகளில் ஆண்கள், பெண்கள், இளையவர்கள், வயதானவர்கள் என்று தனித்தனியே உட்கார வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பிறகு பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று குடியிருப்பவர்களையே வாக்களிக்கச் செய்தார்கள்.

தனித்தனியே உட்கார வைத்ததில்தான் சூட்சுமம் இருக்கிறது. எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால் யார் பேசுவார்கள் என்று நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வந்து பாருங்கள். வருகிறவர்களில் முக்கால்வாசி தாய்மார்கள், பேசுகிறவர்களில் முக்கால்வாசி தகப்பன்மார்கள். சங்கத்து நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தனியாகக் கேட்டால், ஆண் பந்து விளையாட இடம் கேட்பார், பெண் மின்தூக்கியில் விளக்கு எரிகிறதா என்று கேட்பார். இரண்டும் வேண்டியதுதான். ஒன்று மட்டும்தான் இதுவரை காதில் விழுந்துகொண்டிருந்தது.

கெடாவில் என்ன செய்யலாம்? பெரிய வழி ஒன்று, சின்ன வழிகள் சில. ஊராட்சி என்பது அரசியலமைப்புப்படி மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். எல்லா மாநிலத்துக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று நாடாளுமன்றம் 1976 சட்டத்தை இயற்றியது. ஆகவே அந்தப் பத்தாவது பிரிவில் "உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும்" என்று ஒரு வரியைச் சேர்க்க நாடாளுமன்றத்தால் முடியும். அதுவரை, நியமனக் கையெழுத்து மாநில அரசின் கையில்தான் இருக்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும், இந்தத் தவணையிலிருந்து இத்தனை பெண்களை நியமிப்போம் என்று முடிவு செய்ய எந்தச் சட்டமும் தடையாக இல்லை. தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கோயில் கூரைக்கு மானியம் கேட்கிறோம். கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே இந்த ஒரு வரியையும் கேளுங்கள். கேட்கிறபோது தோட்டத்துப் பெண், ஆலைத் தொழிலாளிப் பெண் என்று சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் பெண் இடத்துக்குப் பெரிய மனிதர் வீட்டு மருமகள் வந்து உட்கார்ந்து, விளக்கு அவர் வீட்டுத் தெருவில் எரியும்.

சின்ன வழிக்கு வருகிறேன். அதே 1976 சட்டத்தின் 23ஆவது பிரிவில், மன்றத்தின் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மன்றமே வேறு விதமாகத் தீர்மானம் போட்டால் ஒழிய, நீங்கள் போய் உட்காரலாம். பேச முடியாது, பார்க்கலாம், கேட்கலாம். யார் வாயைத் திறக்கிறார், யார் தூங்குகிறார் என்று தெரியும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போகிறோமே, ஒரு நாள் மன்றக் கூட்டத்துக்கும் அழைத்துப் போகலாம் என்று தலைமையாசிரியர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். இரண்டையும் ஒப்பிட்டுச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், ஊரின் வரைபடத் திட்டம் தயாராகும்போது அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபமும் யோசனையும் கேட்க வேண்டும் என்று அதே 1976ஆம் ஆண்டில் வந்த நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் சொல்கிறது. அந்தப் பாரத்தை எடுத்து நிரப்புங்கள். மலாயில் எழுத வேண்டுமே என்று தயங்காதீர்கள், உங்கள் வீட்டிலேயே படிவம் ஐந்து படித்த பெண் இருக்கிறாள். பஸ் இறங்கும் இடத்தில் விளக்கு, சிம்பாங்கிலிருந்து தாமான் வரை நடைபாதை, பிள்ளைக் காப்பகத்துக்கு மனை, சந்தையில் பெண்களுக்குப் போதுமான கழிவறை. நான்கு வரி. நாற்பது தாய்மார்கள் நாற்பது பாரத்தில் அதே நான்கு வரியை எழுதினால் குமாஸ்தா அதைத் தனிக் கோப்பாகத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போய் நிற்கிற அந்தத் தாயிடம் நான் இப்போது பதில் சொல்லிவிட்டேன். அந்த இடம் யார் எல்லையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, இருவருமாக உட்கார்ந்து கடிதம் எழுதி, அலுவலகத்தில் கொடுத்து, ஒரு நகலில் முத்திரை குத்தி வாங்கி வைத்திருக்கிறோம். விளக்கு இன்னும் வரவில்லை. இரண்டாவது கடிதம் அடுத்த வாரம் போகிறது. அதில் அந்தத் தாயின் கையெழுத்தோடு மகளின் கையெழுத்தும், அதே பஸ்ஸில் வருகிற மற்றப் பெண்களின் கையெழுத்தும் இருக்கும்.

இன்றைய பரிசுப் பட்டியலைத் தலைமையாசிரியர் எனக்கு முன்கூட்டியே காட்டினார். முதல் பரிசுகளில் பெரும்பாலானவை பெண் பிள்ளைகளுக்குத்தான். சற்று நேரத்தில் அவர்கள் ஒவ்வொருவராக இந்த மேடைக்கு ஏறி வருவார்கள், நீங்களும் கை தட்டுவீர்கள். நான் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. விழா முடிந்ததும் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில், வாசல் பக்கத்து மேசையில், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். உங்கள் பக்கத்தில் எந்தச் சிம்பாங்கில் விளக்கு இல்லை, எந்தத் தாமானில் பிள்ளையை விட இடமில்லை என்று வந்து சொல்லுங்கள். மன்றத்தில் உட்காரத் தகுந்த பெண் என்று உங்களுக்குத் தோன்றுகிறவரின் பெயரையும் சொல்லுங்கள். உங்கள் பெயராகவே இருந்தாலும் சரி, வெட்கப்படாமல் சொல்லுங்கள்.